எங்கள் வீட்டுச் சின்ன விருந்தாளி



விருந்தாளி என்றால் வாசலில் நின்று அழைப்பு மணியை அடிப்பார். கையில் பழமோ பிஸ்கட்டோ இருக்கும். ஆனால் சென்ற ஆண்டு ஜூலை மாதம் எங்கள் வீட்டிற்கு வந்த விருந்தாளிகள் வெறுங்கையோடு வந்தார்கள். கண்கூடத் திறவாமல், வெட்டிய மரக்கிளையோடு கீழே விழுந்து வந்தார்கள். வந்தவர்கள் இருவர். திரும்பிப் போனவர் ஒருவர்தான். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

‘நாங்கள்’ என்றால் யார் என்று கேட்பீர்கள். பத்தாம் வகுப்பில் படிக்கும் அக்காளும், ஏழாம் வகுப்பில் படிக்கும் தங்கையுமாகிய நாங்கள் இருவர். எங்களுக்குப் பின்னால் எங்கள் ஆயா. வீடு திருவொற்றியூரில். கடற்காற்று ஒரு பக்கம், துறைமுகத்திற்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் ஓசை மறு பக்கம். எங்கள் தெருவில் பச்சை என்று சொல்லிக்கொள்ள இருப்பது, எங்கள் சுற்றுச்சுவரை ஒட்டி நிற்கும் பூவரச மரம் ஒன்றே.

அன்று வெள்ளிக்கிழமை. பள்ளி விட்டு வந்தபோது, மின்கம்பியில் உரசிய கிளைகளை ஆட்கள் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு கிளையின் கவட்டில் பந்து போல ஒரு கூடு. தேங்காய் நார், கந்தல் துணி, பஞ்சு, மூட்டையிலிருந்து உருவிய சணல் இழை எல்லாம் சேர்த்துப் பின்னியிருந்தது. அதற்கு அருகே தரையில் இரண்டு சிவந்த உருவங்கள் நெளிந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் எங்கள் சுண்டுவிரல் நீளம்தான். ரோமம் இல்லை. மூடிய கண்கள் இரண்டு கறுப்புப் புள்ளிகளாகத் தோலுக்கு அடியில் தெரிந்தன. முதுகில் பென்சிலால் இழுத்தாற்போல் மங்கலான கோடுகள். அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் அவை அணிற்பிள்ளைகள் என்று தெரிந்துகொண்டோம்.

சுற்றுச்சுவரின் மேல் தாய் அணில் வாலைத் தூக்கித் தூக்கி, “கீச், கீச்” என்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. ஆயா திண்ணையில் உட்கார்ந்தபடியே, “அங்கியே ஒரு டப்பால வெச்சு, நீங்க உள்ள வந்துடுங்க கண்ணு. தாயி வந்து கவ்வினு போயிடும்” என்றார். ஆனால் தெருவில் மீன் தலை தின்று கொழுத்த சாம்பல் பூனை ஒன்று உண்டு. அதை நினைத்தாலே எங்களுக்குப் பயம். போதாததற்கு எதிர்வீட்டு அண்ணன், “மனுசங்க கை பட்டுட்டா தாய் தொடாது, ஒதுக்கிடும்” என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். நாங்கள் ஆயாவின் பேச்சைத் தள்ளிவிட்டு, இரண்டையும் உள்ளே எடுத்துக்கொண்டு போனோம். தாய் அணில் இருட்டும்வரை கத்தியது. அது பூனையைப் பார்த்துக் கத்துகிறது என்றே நாங்கள் எண்ணிக்கொண்டோம்.

அன்றிரவு நாங்கள் செய்ததை இப்போது நினைத்தாலும் நெஞ்சு வலிக்கிறது. குட்டிகளின் உடல் சில்லென்று இருந்தது. பசியால்தான் என்று நினைத்தோம். பசும்பாலில் தண்ணீர் கலந்து, மருந்துச் சீசாவோடு வந்த சொட்டுக் குழாயில் எடுத்து, கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் படுக்கவைத்துப் புகட்டினோம். பால் வாயில் போனது. மூக்கின் வழியே சிறு குமிழியாகத் திரும்பி வந்தது. “குடிக்குது, குடிக்குது!” என்று இளையவள் கைகொட்டினாள். மூத்தவளும் சிரித்தாள்.

விடியற்காலையில் பார்த்தபோது சிறியதாக இருந்த குட்டி விறைத்துக் கிடந்தது. அதன் வயிறு உப்பியிருந்தது. மற்றொன்று வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் கடிகார முள் நகர்வது போல் ‘டிக், டிக்’ என்று ஓர் ஒலி. ஆயா எங்களை ஒரு வார்த்தையும் திட்டவில்லை. இறந்த குட்டியை வெள்ளைத் துணியில் சுற்றிப் பூவரசின் அடியில் புதைத்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, “பசங்கள வேப்பேரிக்கு இட்டுனு போ” என்றார்.

வேப்பேரி என்று ஆயா சொன்னது சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியை. 1903-இல் தொடங்கிய அக்கல்லூரி எங்கள் வடசென்னை மக்களுக்குப் பழக்கமான இடம். ஆடு, மாடு, நாய், கிளி என்று எதற்கு நோய் வந்தாலும், “வேப்பேரிக்குக் கொண்டு போ” என்பதுதான் வழக்கு. ஆயா இளமையில் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அந்த நாளின் பெரிய தீப்பெட்டி ஒன்றில் ஊசி நூல் போட்டு வைத்திருந்தார். அதைக் காலி செய்து, பஞ்சும் பழைய வேட்டித் துணியும் விரித்துக் கொடுத்தார். அதில் குட்டியை வைத்து, மெட்ரோ ரயிலில் சென்ட்ரல் வரை சென்றோம். வழியெல்லாம் மூடியைச் சற்றே திறந்து அந்த ‘டிக், டிக்’ ஒலியைக் கேட்டுக்கொண்டே போனோம். அந்த ஒலி கேட்டாலும் பயம்; கேட்காவிட்டால் அதைவிடப் பயம்.

மருத்துவ அம்மையார் குட்டியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கழுத்துப் பின்புறத் தோலை மெல்லக் கிள்ளிவிட்டார். கிள்ளிய தோல் உடனே படியாமல் கூடாரம் போல நின்றது. “உடம்பில் நீர் இல்லை. பால் மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது. என்ன கொடுத்தீர்கள், எப்படிக் கொடுத்தீர்கள்?” என்று கேட்டார்.

சொன்னோம். அவர் கோபப்படவில்லை, பொறுமையாக விளக்கினார். அணிலின் பாலில் கொழுப்பும் புரதமும் மிகுதி. பசும்பாலில் அவை குறைவு, பாற்சர்க்கரையோ அதிகம். ஆகையால் பசும்பால் குட்டிக்குச் செரிக்காது; வயிறு உப்பும், பேதியாகும். அதைவிடப் பெரிய தவறு, உடம்பு சில்லிட்டிருக்கும்போது ஊட்டியது. குளிர்ந்த உடலில் குடல் வேலை செய்யாது. முதலில் வெப்பம், அடுத்து உப்பும் சர்க்கரையும் கலந்த நீர், அதற்குப் பிறகே பால். இதுதான் வரிசை. மல்லாத்திப் புகட்டவே கூடாது. குட்டி தாயிடம் பால் குடிப்பதைப் போலக் குப்புற, தலை சற்று உயர்ந்து இருக்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, “தாய் அணில் இறந்துவிட்டதா?” என்று கேட்டார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். “இல்லை டாக்டர். சுவர் மேல் கத்திக்கொண்டிருந்தது. மனித வாடை பட்டால் சேர்க்காது என்று சொன்னார்கள்...”

“அது தவறான நம்பிக்கை, அம்மா. தாய் அணில் தன் குட்டியை வாடைக்காக ஒதுக்காது. கூடு கலைந்தால் வேறு கூட்டிற்கு ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்விடும். நீங்கள் விலகி நின்றிருந்தால் போதும்.”

ஆயா சொன்னதும் அதுதானே! அப்போது எங்களுக்கு ஏற்பட்ட வேதனையை எழுத்தில் வடிக்க இயலாது. தாயில்லாப் பிள்ளைகள் என்று இரங்கி எடுத்து வந்தோம். நாங்கள் எடுத்து வந்ததால்தான் அவை தாயில்லாப் பிள்ளைகள் ஆயின.

மருந்தின் முதல் வேளையை அம்மையாரே கொடுத்தார். “உடம்பைச் சூடாக்கிய பின் பகல் வெளிச்சத்தில் மரத்தடியில் வைத்துப் பாருங்கள். தாய் வந்தால் அதைவிட நல்ல மருத்துவர் இல்லை” என்று சொல்லி அனுப்பினார். நாங்கள் வீடு திரும்பியதும் வெந்நீர் நிரப்பிய சிறு புட்டியைத் துணியில் சுற்றி, தீப்பெட்டியோடு ஒரு கூடையில் வைத்து, எஞ்சியிருந்த கிளையில் கட்டினோம். ஜன்னலுக்குப் பின்னால் மறைந்து நின்று காத்திருந்தோம். காக்கைகள் வந்தன, விரட்டினோம். பூனை வந்தது, விரட்டினோம். மாலை ஆறு மணிவரை தாய் அணில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலும் வைத்துப் பார்த்தோம். சுவரின் மேல் ஒன்றுமில்லை. முந்திய நாள் காதைத் துளைத்த அந்தக் “கீச், கீச்” ஒலிக்காக நாங்கள் எவ்வளவு ஏங்கினோம் தெரியுமா? வீதியில் லாரிகளின் ஓசை மட்டுமே கேட்டது.

அன்று முதல் நாங்களே தாய். தீப்பெட்டியில் வந்ததால் இளையவள் அதற்குத் ‘தீப்பெட்டி’ என்றே பெயர் வைத்துவிட்டாள்.

நகை வேலை செய்யும் பக்கத்து வீட்டு மாமா தம் தராசில் எடை போட்டுப் பார்த்தார். 9 கிராம்! நாய்க்குட்டிகளுக்காக விற்கும் பால்மாவை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். ஊசி நீக்கிய 1 மில்லி சிரிஞ்சில், ஒரு வேளைக்கு அரை மில்லிகூட இல்லை. அதையும் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். மூக்கில் குமிழி வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்தித் துடைக்க வேண்டும். பால் கொடுத்து முடித்ததும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றை மெல்லத் தடவ வேண்டும். அப்போதுதான் சிறுநீர் கழியும். தாய் அணில் நாவால் நக்கிச் செய்கிற வேலை அது. கண் திறக்காத குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கக்கூடத் தெரியாது என்பதை அன்றுதான் அறிந்தோம். இரண்டு மணிக்கு ஒரு முறை, இரவில் மூன்று மணிக்கு ஒரு முறை இவ்வளவும் நடக்க வேண்டும்.

மூன்றாம் நாள் இரவு ஒரு மணிக்கு நாங்கள் எழுந்தபோது தீப்பெட்டி அசையவில்லை. புட்டியின் சூடு ஆறிப்போயிருந்தது. குட்டி வாழைத்தண்டு போல் குளிர்ந்து துவண்டு கிடந்தது. இளையவள் அழுதுகொண்டே சிரிஞ்சை எடுத்தாள். மூத்தவள் அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். “வேண்டாம், முதலில் சூடு!” என்றாள். சத்தம் கேட்டு ஆயா எழுந்து வந்தார். ஒன்றும் பேசாமல் குட்டியை வாங்கித் தம் உள்ளங்கையில் பொத்தி, மார்போடு சேர்த்துச் சேலையால் மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் அவர் மடியின் இரு பக்கமும் அமர்ந்து எங்களுக்குத் தெரிந்த ஜெபங்களையெல்லாம் சொன்னோம். தூரத்தில் கப்பல் ஒன்று சங்கு ஊதியது. நான்கு மணி இருக்கும். “கண்ணு, குறுகுறுன்னு கீறுது பாரு” என்று ஆயா கையை விரித்தார். தீப்பெட்டி நெளிந்துகொண்டிருந்தது!

அதற்குப் பிறகுதான் ஆயாவிடம் மன்னிப்புக் கேட்டோம். “நீங்க சொன்னதைக் கேட்டிருந்தா ரெண்டும் இருந்திருக்கும் ஆயா” என்றோம். “கெட்ட எண்ணத்துல செய்யலியே. கேட்டுச் செஞ்சிருக்கணும், அவ்ளோதான்” என்றார் ஆயா. நாங்கள் பள்ளிக்கு வரும் நேரத்தில் பால் கொடுக்கும் பொறுப்பையும் அவரே ஏற்றுக்கொண்டார். அவருக்குச் சிரிஞ்சில் உள்ள எண்கள் தெரியாது. ஆகவே அளவு தெரியும்படி நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தோம். ஒரு நாளும் அந்தக் கோட்டை அவர் தாண்டியதில்லை.

தூக்கம் கெட்டால் பள்ளியில் என்ன ஆகும்? எங்களில் மூத்தவள் தமிழ் வகுப்பில் தூங்கி விழுந்தாள். தமிழ் அம்மா எழுப்பி நிறுத்திக் காரணம் கேட்டார். உண்மையைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. தமிழ் அம்மா சிரிக்கவில்லை. “தொல்காப்பியம் மரபியலில் உன் அணில் இருக்கிறதே, தெரியுமா? ‘மூவரி அணில்’ என்றே அங்கே பெயர். அதன் இளமைக்குக் ‘குட்டி’ என்னும் பெயர் உரியது என்று இலக்கணமே சொல்லியிருக்கிறது” என்றார். நம் தென்னாட்டு அணிலுக்கு முதுகில் மூன்று வரிகள். வடநாட்டில் காணும் வேறோர் இனத்திற்கு ஐந்து வரிகள். ஆக, இவ்வளவு சிறிய உயிரின் முதுகையும் நம் முன்னோர் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். இராமர் தடவிக்கொடுத்ததால் வந்த கோடுகள் என்னும் கதையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். தொண்டரடிப்பொடி ஆழ்வாரும் தம் திருமாலையில் அந்த அணில்களை நினைத்து உருகியிருக்கிறார் என்று அம்மா அன்று சொன்னார். அணில் செய்த உதவியைப் பாடிய நாட்டில், அணிலுக்கு உதவத் தெரியாமல் நாங்கள் இருந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

செய்தி சிஸ்டருக்கும் எட்டியது. அதன் பிறகு காலை வழிபாடு முடிந்ததும், “உங்கள் நோயாளி எப்படி இருக்கிறார்?” என்று தவறாமல் விசாரிப்பார். அவரிடம் ஒரு நாள் மனத்தில் இருந்த பாரத்தைச் சொன்னோம். “நாங்கள்தானே ஒன்றைக் கொன்றுவிட்டோம், சிஸ்டர்?” என்று கேட்டோம். சிஸ்டர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அதை மறக்க வேண்டாம். ஆனால் அதையே நினைத்து அழுது, மற்றதற்குப் பால் கொடுக்கும் நேரத்தைத் தவற விடவும் வேண்டாம்” என்றார். அந்தச் சொல் எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

எட்டு நாள் மருந்திற்குப் பின் அந்த ‘டிக்’ ஒலி நின்றது. மூன்றாம் வாரம் கண் திறந்தது. பட்டுப் போன்ற ரோமம் முளைத்து, மூன்று கோடுகளும் பளிச்சென்று தெரிந்தன. ஐந்தாம் வாரம் கொய்யாத் துண்டைத் தானே பிடித்துக் கொறித்தது. எங்கள் கணக்குப் புத்தகத்தின் ஒரு மூலையையும் கொறித்தது. காலாண்டுத் தேர்வுக்குப் படிக்கும்போது சடையில் ஏறி ஒளிந்துகொள்ளும். எடை 60 கிராமைத் தாண்டியது. தீப்பெட்டி இப்போது தீப்பெட்டிக்குள் அடங்காது.

இளையவள், “இது நம்ம கூடவே இருக்கட்டும்” என்றாள். மூத்தவளுக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார்: “இது மரத்தின் பிள்ளை. வளர்ந்ததும் மரத்திடம் விட்டுவிட வேண்டும். பத்து வாரத்தில் தாய்ப்பாலை மறந்து தானே இரை தேடும். ஐப்பசி மழை தொடங்கும் முன் விட்டால் நல்லது.” ஒரு முறை எங்கள் வசதியை எண்ணி அதைத் தாயிடமிருந்து பிரித்தோம். மீண்டும் ஒரு முறை எங்கள் ஆசையை எண்ணி மரத்திடமிருந்து பிரிக்கலாமா?

வெட்டுண்ட பூவரசு அதற்குள் புதுத் துளிர் விட்டிருந்தது. பழைய கோழிக்கூண்டு ஒன்றை மாடிச் சுவரில், மரத்தை ஒட்டிக் கட்டி, அதில் சில நாட்கள் தீப்பெட்டியை வைத்துப் பழக்கினோம். அக்டோபர் மாதம் முதல் வாரத்துச் சனிக்கிழமை கூண்டின் கதவைத் திறந்தோம். அது வாசலில் நின்று மூக்கை ஆட்டி முகர்ந்தது. ஒரு கிளைக்குத் தாவியது. திரும்பி எங்களைப் பார்த்தது என்று இளையவள் இன்றும் சொல்கிறாள். மூத்தவளின் கண்களில் நீர் நிறைந்திருந்ததால் அவள் சரியாகப் பார்க்கவில்லை. நான்கைந்து நாட்கள் மாலையில் வேர்க்கடலைக்கு வந்தது. பிறகு வருகை குறைந்தது. இப்போது மரத்தில் மூன்று அணில்கள் ஓடுகின்றன. அவற்றில் எது தீப்பெட்டி என்று எங்களால் சொல்ல முடியவில்லை. அதற்காக வருந்தக் கூடாது என்கிறார் ஆயா.

அந்த வாரத்தில்தான் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸின் திருநாளும் வந்தது. 1979-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார் என்றும், திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் நம் பொதுவான இல்லமாகிய பூமியைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார் என்றும் சிஸ்டர் வழிபாட்டில் கூறினார். அதைக் கேட்டபோது எங்களுக்கு வேறொரு காட்சி நினைவுக்கு வந்தது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியதே, அப்போது கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கறுத்து நின்றன. படத்தைப் பார்த்து, “ஐயோ பாவம்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனோம். இரக்கப்படுவது எளிது. அதற்கு மேலும் ஒன்று வேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்தது 9 கிராம் எடையுள்ள ஓர் ஆசிரியர்.

ஆகவே தோழியரே, உங்கள் வீட்டு வாசலில் அணிற்குட்டி விழுந்து கிடந்தால் இவற்றை நினைவில் வையுங்கள். காயமில்லாமல் கதகதப்பாக இருந்தால், ஒரு சிறு பெட்டியில் மரத்தருகே வைத்து, பூனையும் காகமும் அணுகாமல் தூர நின்று காவல் இருங்கள். தாய் வரட்டும். உங்கள் கை பட்டதற்காக அது வெறுக்காது. சில்லிட்டிருந்தால் முதலில் சூடு கொடுங்கள். பசும்பால் கொடுக்காதீர்கள். வேப்பேரி மருத்துவமனையோ, 1959-இல் தொடங்கி நம் நகரில் தொண்டாற்றிவரும் புளூ கிராஸோ, வனத்துறையோ, தெரிந்தவர்களிடம் விரைந்து கேளுங்கள். வீட்டில் ஆயா இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள்!

பூவரசின் அடியில், சிறியது உறங்கும் இடத்தில், ஒரு சங்கை வைத்திருக்கிறோம். அதற்குப் பெயர் வைக்க எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. தீப்பெட்டியின் கதையைக் கேட்பவர்கள் எல்லாரும் எங்களைப் பாராட்டுகிறார்கள். பாராட்டில் பாதியை வாங்கிக்கொள்ள எங்களுக்கு உரிமையில்லை என்பதனால், இரண்டு குட்டிகளின் கதையையும் சேர்த்தே இங்கே எழுதினோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி, தங்கையுடன்